தெரு வாட்ஸப் குழுவில் பரபரப்புச் செய்தி புகுந்து சண்டை மூட்டினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மடிப்பாக்கத்தில் எங்கள் நாலு தெருவுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரத்தில் தொடங்கியது. யார் வீட்டில் குடிதண்ணீர் இருக்கிறது, எந்த வீட்டு மாடியில் வயதானவர்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்த தவிப்புதான் அதற்குக் காரணம். இன்று நூற்றெண்பது பேர் இருக்கிறார்கள். என்னையும் சேர்த்து மூன்று அட்மின்.

பார்க்கிங் சண்டை, லாரித் தண்ணீர் சண்டை எல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடும். குழுவை ஒவ்வொரு முறையும் கெடுத்தது தலைப்பில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக வரும் செய்தி லிங்க்தான். திரும்பத் திரும்ப இதையே சரிசெய்து கிடைத்த அனுபவத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் குழுவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். மேலே இருப்பது சுலபமான வைத்தியம். அதில் சரியாகவில்லை என்றால் அடுத்ததுக்கு இறங்குங்கள்.

தொடங்கும் முன் இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, குறைந்தது மூன்று அட்மின். அதில் ஒருவராவது பகலில் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். இரண்டாவது, குழுவின் உச்சியில் பின் (pin) செய்த ஒரு விதி: "லிங்க் போடுகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு வரியும், செய்தியின் தேதியும் சேர்த்துப் போடவும்." பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வாக்கில் புதுப்பித்துவிடுங்கள்.

அறிகுறி: லிங்க் விழுந்த பத்து நிமிடத்தில் முப்பது பதில், ஒருவரும் செய்தியைத் திறக்கவில்லை

அதிகம் வருவது இதுதான். கேள்வியாக நிற்கும் தலைப்பு, "என்ன தெரியுமா?" என்று பாதியில் விடும் தலைப்பு, "பிரபல நடிகர்" என்று பெயரை மறைக்கும் தலைப்பு, மூன்றில் ஒன்றாக இருக்கும். தலைப்பும் படமும் பெட்டியாகத் தெரிவதால் அதைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

*நீங்கள் திறந்து படித்தீர்களா? இல்லை என்றால்*

முதலில் அதைச் செய்யுங்கள். விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போனால் விஷயம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். அதை ஒரே வரியில் அந்த லிங்குக்கே ரிப்ளையாகப் போடுங்கள்.

ஒரு நாள் காலையில் "தங்கம் விலை தடாலடி சரிவு! நகைக்கடையில் குவியும் மக்கள்" என்று ஒரு லிங்க் வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வீடு எங்கள் தெருவில் இரண்டு இருக்கிறது. அரசாங்கம், டாலர், வரதட்சணை என்று பேச்சு எங்கெங்கோ போய், இரண்டு அக்காக்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. நான் திறந்து பார்த்தேன். "கிராமுக்கு 10 ரூபாய் குறைந்திருக்கிறது, சவரனுக்கு 80 ரூபாய்" என்று மட்டும் எழுதினேன். பேச்சு அப்படியே நின்றது. அப்புறம் ஒருவர் எந்தக் கடையில் செய்கூலி குறைவு என்று கேட்டார், மூன்று பேர் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள்.

"படிக்காமல் ஏன் பேசுகிறீர்கள்?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை எழுதிய நொடியில் சண்டை செய்தியை விட்டுவிட்டு உங்கள் மேல் திரும்பும்.

*பதில் போட்டும் அடங்கவில்லை என்றால்*

லிங்க் போட்டவருக்குத் தனியாக எழுதுங்கள். அவரே நீக்கிவிட்டு, விஷயத்தை இரண்டு வரியில் மறுபடி போடச் சொல்லுங்கள். அட்மினாக நீங்களே நீக்கலாம், ஆனால் யார் நீக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டிச் சொல்லாமல் நீக்கினால் அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போகும்.

அறிகுறி: மழை நாளில் ஏரி, எச்சரிக்கை, விடுமுறை என்று பீதி கிளம்புகிறது

சென்னைக்காரர்களுக்கு இதுதான் மிகவும் வலிக்கிற இடம். 2015-ல் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது காரை இழந்தவர்களும் இருக்கும் குழு இது. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பயம் பட்டுத் தெரிந்த பயம். அதனால் பயப்படுகிறவரைக் கேலி செய்யும் பதிலை உடனே நீக்குங்கள். பிறகு செய்தியைச் சோதியுங்கள்.

*தேதி இருக்கிறதா?*

பழைய செய்திதான் பாதிக்குமேல் காரணம். லிங்கைத் திறந்தால் மேலே தேதி இருக்கும். வீடியோ என்றால் எப்போது ஏற்றினார்கள் என்று பாருங்கள். வெறும் படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், 2015 படமோ வெளிமாநிலப் படமோ பெரும்பாலும் பிடிபடும். செய்தியின் மேல் இரட்டை அம்பு தெரிந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம். பொய் என்று ஆகிவிடாது, ஆனால் அது எங்கிருந்து கிளம்பியது என்று போட்டவருக்கே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

*தேதி சரிதான், ஆனால் "செம்பரம்பாக்கம் திறப்பு, சென்னை மக்களே உஷார்!" என்று இருந்தால்*

எத்தனை கனஅடி என்று தேடுங்கள். தலைப்பில் இருக்காது, உள்ளே இருக்கும். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போது முன்னெச்சரிக்கையாக விநாடிக்கு 100, 500 கனஅடி என்று திறப்பது வழக்கமான வேலை. 2015 டிசம்பர் 1 அன்று விட்டது சுமார் 29,000 கனஅடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் குழு மூச்சு விடும்.

அடுத்து, அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருமா என்று பாருங்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் போகிறது. குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை, அப்புறம் ஆற்றின் இரு கரைகளிலும் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை அது. மடிப்பாக்கத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்துவது வேறு தண்ணீர். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாக வந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டிய தண்ணீர். எனவே செம்பரம்பாக்கம் தலைப்பைப் பார்த்துப் பதறும் இரவில், எங்கள் குழுவில் கேட்க வேண்டிய கேள்வி "நாராயணபுரம் பக்கம் எப்படி இருக்கிறது, யாராவது பார்த்தீர்களா?" என்பது. உங்கள் தெருத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வந்து எங்கே போகிறது என்பதை வெயில் காலத்திலேயே ஒரு முறை விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த வேலைகளிலேயே அதிகம் பயன்பட்டது அந்தக் குறிப்புதான்.

*"ரெட் அலர்ட்! சென்னை மூழ்குமா?" என்று இருந்தால்*

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைத் திறந்து எந்த மாவட்டம், எந்தத் தேதி என்று பாருங்கள். நாளை மறுநாளுக்கான எச்சரிக்கையை இன்றைக்கு என்று போடும் தலைப்புகள் ஏராளம். அறிக்கையின் சொற்களுக்குக் கணக்கு உண்டு: ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. தலைப்பில் வரும் "பேய் மழை", "வரலாறு காணாத மழை" எல்லாவற்றையும் இந்த மூன்றில் ஒன்றாக மாற்றி எழுதுங்கள்.

*விடுமுறைத் தலைப்பு என்றால்*

மழை விடுமுறையை மாவட்ட வாரியாகத்தான் அறிவிக்கிறார்கள், ஆட்சியரின் அறிவிப்பைப் பாருங்கள். மாவட்டப் பெயரைக் கவனிக்க வேண்டும். எங்கள் பகுதி முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, 2018-ல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. தாம்பரம் பக்கம் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் செங்கல்பட்டு ஆட்சியர் சொல்வதுதான் கணக்கு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில் சரியாக இருக்கலாம். போன மழையில் இதைச் சொல்லித்தான் ஒரு சண்டையை நிறுத்தினேன்.

*உண்மையிலேயே தண்ணீர் ஏறுகிறது என்றால்*

செய்தி சரிபார்ப்பதை விட்டுவிடுங்கள். மாநகராட்சி 1913, அவசரத்துக்கு 112. குழுவை "அட்மின் மட்டும் எழுதலாம்" என்று மாற்றி, உதவி வேண்டுவோர் மூன்று அட்மினில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அறிகுறி: டிவி சேனல் நியூஸ் கார்டு வருகிறது, பாதிப் பேர் நம்புகிறார்கள், பாதிப் பேர் சிரிக்கிறார்கள்

சேனலின் முத்திரை, நிறம், தலைவரின் படம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். எழுத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். சோதனை ஒன்றுதான்: அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கார்டில் போட்டிருக்கும் அதே தேதியில் அப்படி ஒரு கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எழுத்தை மாற்றியிருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இல்லை என்றால் "சேனல் பக்கத்தில் இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். "போலி" என்று நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அந்தத் தலைவரின் ஆதரவாளர் குழுவில் இருப்பார். அரசுத் திட்டம், உதவித்தொகை பற்றியது என்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசுத் தரப்பில் பிஐபி (பத்திரிகைத் தகவல் அலுவலகம்) உண்மை சரிபார்ப்பு இரண்டிலும் தேடுங்கள்.

அறிகுறி: ஒரே ஆள், தினமும் நாலு லிங்க்

எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் குழுவில் அவர் ஓய்வு பெற்ற ஒரு சார். காலை ஐந்தரைக்கு முதல் லிங்க், ராத்திரி பத்துக்குக் கடைசி. "இவரை நீக்குங்கள்" என்று ஆறேழு பேர் எனக்குத் தனித்தனியாக எழுதினார்கள்.

*முதலில் நேரில் போங்கள்*

போனில் வேண்டாம், வாட்ஸப்பில் வேண்டவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தபடி சொன்னேன்:

"சார், நீங்க போடற செய்தியை நிறையப் பேர் பாக்கறாங்க. ஆனா தலைப்பை மட்டும் பாத்துட்டுச் சண்டை போடறாங்க."

"நான் நல்லதுக்குத்தானேப்பா போடறேன். யாருக்காவது பிரயோஜனப்படும்னு."

"அதுக்காகத்தான் சார் வந்தேன். நீங்க முழுசாப் படிக்கறீங்க இல்லையா, அதை ரெண்டு வரியில உங்க கையால எழுதிட்டுப் போடுங்க. தினம் ஒண்ணு போதும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பையன் வெளிநாட்டில், வீட்டில் பேச ஆள் இல்லை, குழுவில் யாராவது பதில் போட்டால் நாள் போகிறது என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மறுநாளிலிருந்து, மின்வாரியத்தின் மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்து எங்கள் தெரு இருந்தால் எழுதிப் போடும் வேலையை அவரிடம் கொடுத்தோம். இன்று குழுவில் அதிகம் நன்றி வாங்குகிறவர் அவர்தான். லிங்க் இப்போதும் வருகிறது, வாரத்துக்கு இரண்டு, இரண்டு வரியோடு.

*நேரில் பேசியும் நிற்கவில்லை என்றால்*

அரட்டைக்கென்று தனிக் குழு தொடங்கி, செய்தி எல்லாம் அங்கே என்று சொல்லுங்கள். அங்கே சேர்வது அவரவர் விருப்பம். இதற்கும் கட்டுப்படவில்லை என்றால்தான் நீக்குவது, அதுவும் மூன்று அட்மினும் சம்மதித்து, முதலில் ஒரு வாரம் மட்டும். பத்து வருடத்தில் நாங்கள் இருவரைத்தான் நீக்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரைக் குழுவிலிருந்து எடுத்தால் மறுநாள் பால் வாங்கப் போகும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு பெரியது.

அறிகுறி: பேச்சு சாதி, மதம், வெளியூர்க்காரர் என்று திரும்புகிறது

இங்கே மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் செய்ய நேரம் கிடையாது. முதல் வேலையே குழுவைப் பூட்டுவது. "அட்மின் மட்டும் எழுதலாம்" என்று ஒரு மணி நேரம் மாற்றுங்கள். பிறகு செய்தியைச் சோதியுங்கள்.

கட்சிச் சண்டை மட்டும் என்றால் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும், பெரும்பாலும் ஆறியிருக்கும். தேர்தல் மாதத்தில் வாரம் இரண்டு தடவை பூட்ட நேரிடும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறிப்பிட்ட ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ காட்டி "இவர்களைப் பார்த்தால் விடாதீர்கள்" என்ற மாதிரி இருந்தால் அது வேறு விஷயம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்துக் கும்பல் அடித்துக் கொன்றது. வாட்ஸப்பில் சுற்றிய வதந்தி அதற்கு முந்தைய நாட்களில் எல்லோர் போனிலும் இருந்தது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்து வழக்கும் போட்டது. அந்த வாரம் எங்கள் தெருமுனையில் கட்டட வேலை பார்த்த பீகார் பையன்கள் இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை. மளிகைக்கடை அண்ணன்தான் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட செய்தியை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, யார் எப்போது போட்டார் என்பது தெரியும்படி பத்திரப்படுத்திவிட்டு, உடனே நீக்குங்கள். இதற்கு முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

*காவல்துறைக்குப் போக வேண்டிய கட்டம்*

குறிப்பிட்ட ஆளின் படம், முகவரி, வண்டி எண் இருந்தால், அல்லது யாரையாவது தாக்கச் சொன்னால், ஸ்கிரீன்ஷாட்டோடு உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போங்கள். அந்த ஆளுக்கே உடனடியாக ஆபத்து என்று தோன்றினால் முதலில் 112. அட்மின் என்பதால் நம்மையே பிடிப்பார்களோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில், அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருப்பதைவிட, நீக்கி, தகவல் சொன்னது பதிவில் இருப்பது உங்களுக்கு நல்லது. உங்கள் மேலேயே புகார் வந்தால் வாட்ஸப்பில் யோசனை கேட்காமல் வக்கீலைப் பாருங்கள்.

அறிகுறி: செய்தி மாதிரி வந்த லிங்க், உள்ளே போனால் போன் நம்பரும் ஓடிபியும் கேட்கிறது

சண்டையை மறந்துவிடுங்கள், இது திருட்டு. லிங்கை நீக்கி, "திறந்தவர்கள் எதையும் நிரப்ப வேண்டாம், இறங்கிய ஆப்பை நிறுவ வேண்டாம்" என்று போடுங்கள். நிறுவிவிட்டால் போனின் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தள்ளாமல் 1930. சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வழி இருக்கும். ஏமாந்தவரை யாரும் "படித்தவர்தானே நீங்கள்" என்று கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஏமாறுகிறவர் வெளியே சொல்ல மாட்டார்.

அறிகுறி: சண்டையே இல்லை, குழு அமைதியாக இருக்கிறது

நல்லது என்று விட்டுவிடாதீர்கள். மேலே சொன்னதையெல்லாம் மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் வருவது இது. மக்கள் வெளியேறுவதில்லை, மரியாதைக்காக இருப்பார்கள். ஆனால் மியூட் போட்டிருப்பார்கள். மிக்ஜாம் இரவில் "மூன்றாவது தெரு மின்பெட்டி மூழ்கப் போகிறது, மெயினை அணையுங்கள்" என்று போட்டேன். அந்தத் தெருவில் பாதி வீடு அதைப் பார்க்கவே இல்லை. அதற்கு முந்தைய மாதம் முழுக்க ஒரு நடிகரின் விவாகரத்துச் செய்தியில் குழு அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினோம்.

*மியூட் என்று எப்படித் தெரியும்?*

ஒரு சாதாரண நாளில் அட்மின் போட்ட அறிவிப்பை அழுத்திப் பிடித்து, எத்தனை பேர் படித்தார்கள் என்ற தகவலைப் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் பாதிப் பேர் படிக்கவில்லை என்றால் நோய் முற்றியிருக்கிறது.

*சரிசெய்வது*

இது அதிகச் செலவு பிடிக்கிற வேலை, ஒரு மழைக்காலம் பிடிக்கும். பழைய குழுவை அரட்டைக்கு விட்டுவிட்டு, அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்றைப் புதிதாகத் தொடங்கினோம். அதில் மாதத்துக்கு நாலைந்து செய்திக்கு மேல் போடுவதில்லை. தண்ணீர், மின்சாரம், சாலை, இறப்பு, அவ்வளவுதான். பண்டிகை வாழ்த்துக்கூட அங்கே கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அந்தக் குழுவை மட்டும் மியூட் செய்யாமல் வைக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சோதனை வைக்கிறோம். சாயங்காலம் ஏழு மணிக்கு "பார்த்தவர்கள் கட்டைவிரல் போடுங்கள்" என்று ஒரு வரி. ஒரு மணி நேரத்தில் யார் யார் போட்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பட்டியலில் குறித்துக்கொள்வோம். பதில் வராத வீடுகளுக்கு மறுநாள் மூன்று அட்மினும் தெருக்களைப் பிரித்துக்கொண்டு நடந்தே போய்விடுவோம். சில வீட்டில் நம்பர் மாறியிருக்கும், சில வீட்டில் குடியிருப்பவரே மாறியிருப்பார், ஒன்றிரண்டு வீட்டில் வயதான அம்மாவின் போனைக் கையில் வாங்கி நாமே மியூட்டை எடுத்துவிட வேண்டியிருக்கும்.